பாதிரி வளைவில் தங்கிப்போன பேச்சு

“முதல் பனி விழற வரைக்கும் பொறுன்னுதானே கேக்கறேன்—”

“பொறுக்கறதுக்கு நான் யாரு அண்ணி, ஆத்தை வெட்டற மெஷின் வந்து ரயிலடியில நிக்குது—”

“நிக்கட்டும். இரும்புக்குப் பசிக்குமா?”

“அதுக்குப் பசிக்காது, எனக்குப் பசிக்குது. வருஷா வருஷம் என் சோளம் தண்ணிக்குள்ள நின்னு அழுகுது, அதை யாரும்—”

“உங்க அண்ணன் சொன்னது இன்னும் வந்து சேரலைடா, பால்மர்!”

“அவர் போய்ச் சேர்ந்து வருஷமாகப் போகுது அண்ணி.”

“போனது அவரு. பேச்சு போகலை. பாதிரி வளைவுக்குள்ள வந்துக்கிட்டு இருக்கு.”

அது உண்மைதான். டோர்கெர் லீன் முந்தின அக்டோபரில் உருளைக்கிழங்கு வயலில் விழுந்து இறந்தார். அதற்கு முன் அவர் மேல்பாலத்தில் நின்று தன் மனைவி ராக்னாவுக்குச் சொன்ன பதில், ஆகஸ்ட் பிறந்தும் ஆற்றில்தான் இருந்தது. தம்பி பால்மருக்கும் அது தெரியும். லிட்டில் ஆட்டர் கரையில் வாழ்ந்த யாரும் அதை மறுக்கமாட்டார்கள். பால்மர் இரண்டாவது கோப்பைக் காப்பியை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துபோனான். எங்கள் பக்கத்து நார்வேக்காரர்களிடையே அது கன்னத்தில் அறைவதற்குச் சமம்.

லிட்டில் ஆட்டர் அந்தப் பால்மரின் சதுப்பில்தான் பிறக்கிறது. பிறக்கிறது என்பதே பெரிய வார்த்தை. நாணலும் கொசுவுமாகத் தேங்கிக் கிடக்கும் சதுப்பு ஓரிடத்தில் மனம் மாறி நகரத் தொடங்குகிறது, அவ்வளவுதான். கல்லறைத் தோட்டத்தின் பின்புறமாக வந்து, வெண்ணெய் ஆலையைத் தொட்டு, மேல்பாலத்தின் அடியில் நுழையும்போதுதான் அதற்கு ஆறு என்ற பெயர் பொருந்தும். பாலத்திலிருந்து ராக்னாவின் பண்ணைக்கு வண்டிப்பாதையில் வந்தால் ஒரு புகையிலைக் குழாய் புகைந்து முடிவதற்குள் வந்துவிடலாம். ஆறு அப்படி வராது. வடக்கே போய்க் கெட்டில் வளைவில் சுற்றும்; மறந்துவிட்டதுபோலத் திரும்பி வரும்; லார்சன் மேய்ச்சல் நிலத்தில் தன் வாலைத் தானே தேடும்; கடைசியில் பாதிரி வளைவுக்குள் போய்விட்டால் அது வெளியே வருவதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. முதல் குடியேறிகளின் காலத்தில் ஒரு பாதிரியார் படகில் ஞானஸ்நானம் கொடுக்கப் புறப்பட்டு, அந்த வளைவைச் சுற்றி முடித்துக் கரையேறியபோது குழந்தை நடந்துவந்து அவர் கையைப் பிடித்ததாம். வளைவின் கழுத்தோ அவ்வளவு குறுகல். இந்தப் பக்கம் நின்று தும்மினால் அந்தப் பக்கத்தில் நிற்பவர் கைக்குட்டையை நீட்டிவிடலாம்.

இத்தனை தூரமும் ஆற்றுக்கு அடியில் களிமண்தான், ஒரு கூழாங்கல் கிடையாது. ராக்னாவின் பண்ணை ஓரத்தில்தான் கல்துறை. அங்கிருந்து அடுத்த பண்ணைக்காரி போர்கிலின் வீட்டைத் தாண்டிப் பெரிய ஆற்றில் கலக்கும்வரை ஒவ்வொரு பண்ணைக்கும் அதனதன் கற்கள் உண்டு. தண்ணீர் களிமண்மேல் போகும்போது வாயைத் திறக்காது. கல்மேல் ஏறும்போது பேசும். பாலத்தில் யார் என்ன சொல்லியிருந்தாலும் அதே குரலில், அதே இருமலோடு சொல்லும். மழை நன்றாக இருந்தால் சில வாரத்தில் வரும். வெள்ளம் வந்தால் எல்லோர் பேச்சும் ஒன்றாகக் கட்டிய மூட்டைபோல உருண்டு வரும், ஒன்றும் புரியாது. வறண்ட வருஷத்தில் ஓர் ஆண்டுகூட ஆகும். வைக்கோல் அறுக்கும் வெயிலில் கிறிஸ்துமஸ் கீதம் வந்து கேட்கும். ஏலக்காரர் ஒருவர் எப்போதோ செத்துப்போன மாட்டைக் கூவி விற்றுக்கொண்டு போவார். ஆற்றுப் பனிக்கட்டியை அறுத்து உருகாமல் மரத்தூளில் வைத்து, சுதந்திர தினமான ஜூலை நான்காம் தேதி எலுமிச்சைச் சாற்றில் போட்டால், அது கரையும்போது “கதவைச் சாத்து” என்று ஜாடியிலிருந்து அதட்டல் வரும். பழக்கப்பட்டவர்கள்கூட ஒருமுறை கதவைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

எங்கள் ஆண்களுக்கு இந்த ஆறு பெரிய உபகாரம். சாப்பாடு தேவாமிர்தமாக இருந்தாலும் “மோசமில்லை” என்பதற்கு மேல் அவர்கள் வாயில் வராது. மனைவியின் முகத்தைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொல்வதைவிடப் பல் பிடுங்கிக்கொள்வது சுலபம் என்று நினைப்பவர்கள். அதனால் வெண்ணெய் ஆலைக்குப் பாலாடை கொண்டுபோகும் நாளில், திரும்பும் வழியில் வண்டியைப் பாலத்தில் நிறுத்துவார்கள். சுற்றும் முற்றும் பார்ப்பார்கள். தொப்பியைக் கழற்றிக்கொண்டு தண்ணீரிடம் சொல்லிவிட்டு வருவார்கள். மனைவி சில வாரம் கழித்துத் துறையில் பால் கேன் கழுவும்போது கேட்டுக்கொள்வாள். வீட்டுக்குள் அதைப் பற்றிப் பேச்சே எழாது. அன்றைக்குக் காப்பி கொஞ்சம் திக்காக இருக்கும், அவ்வளவுதான். கேனை மூழ்கவைத்து எடுக்கும்போது அடுத்த வீட்டுப் பேச்சு வந்துவிட்டால், கேனைத் தட்டிச் சத்தம் எழுப்புவதுதான் மரியாதை. போர்கில் மட்டும் தட்டமாட்டாள். “எங்க வீட்டுக்காரன் வாயே திறக்கறதில்ல, மத்தவ புருஷன் சொல்றதையாவது கேட்டுட்டுப் போறேன் போடி” என்பாள்.

ராக்னா பத்தொன்பது வயதில் நார்வேயின் ஹார்டாங்கர் கடலோரத்திலிருந்து வேலைக்காரியாக அயோவாவுக்கு வந்தவள். மணந்துகொண்ட நாளில் டோர்கெர், அவளை ஒருமுறை ஊருக்குக் கூட்டிப்போய் அவள் அம்மாவைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். முதலில் தொழுவம் கட்டவேண்டி வந்தது. பிறகு குதிரைகளுக்கு நோய். பிறகு அம்மா இறந்துபோனாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. முப்பது வருஷம் கழித்து, அந்த அக்டோபரில், உருளைக்கிழங்கு மூட்டைமேல் இளைப்பாற உட்கார்ந்தபோது ராக்னாவின் வாயில் எப்படியோ அது வந்துவிட்டது. “நெஜமாவே என்னைக் கூட்டிட்டுப் போகணும்னு நெனைச்சீங்களா, இல்ல சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னீங்களா?” என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. டோர்கெர் கையிலிருந்த மண்ணைத் தட்டினார். அது பாலாடை நாள் அல்ல. ஆனாலும் வண்டியைப் பூட்டிக்கொண்டு போனார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பாலத்தில் நின்றதை ஆலைக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். நின்ற நேரத்தைப் பார்த்துக் குதிரையே வீட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டதாம். டோர்கெர் வந்து சாப்பிட்டார். “உருளை மோசமில்லை” என்றார். அந்த வாரமே வரிசை முடியுமுன் விழுந்தார்.

அன்றிலிருந்து ராக்னா துறையைவிட்டு நகரவில்லை. பால் கேனைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருப்பாள். மினியாபொலிஸில் இருந்த தங்கை வந்து கூப்பிட்டாள், போகவில்லை. அந்தக் குளிர்காலத்தில் ஆற்றில் யாரையும் பனிக்கட்டி அறுக்கவிடவில்லை. அவர் பேச்சு யார் வீட்டு மரத்தூளுக்குள்ளாவது போய்விடுமோ என்று பயம். கோடையில் எல்லார் வெண்ணெயும் உருகியது. யாரும் முணுமுணுக்கவில்லை. பனி குறைவாக விழுந்த வருஷம் அது. வசந்தத்தில் வெள்ளம் வரவில்லை, ஆறு தவழ்ந்தது. ஜூலையில் முந்தின செப்டம்பரின் பேச்சு வந்தது. ஆகஸ்ட் நடுவில், போர்கிலின் கணவனும் ஆலைக்காரரும் ஒரு வாத்துக்காகப் பாலத்தில் போட்ட சண்டை வந்தது. அந்தச் சண்டை டோர்கெர் பாலத்துக்குப் போனதற்கு முந்தின நாள் நடந்தது. எனவே அடுத்து அவர்தான்; ஆனால் ஆறு தவழ்ந்த தவழலில் அந்த ஒரு நாள் வந்து சேரப் பல வாரம் ஆகலாம். இது தெரிந்துதான் பால்மரைக் கூப்பிட்டுக் காப்பி கொடுத்துக் கெஞ்சினாள்.

பால்மர் கெட்டவன் அல்ல. கல்யாணமாகாதவன். பாலத்துக்கு மேலே, சதுப்பின் நடுவில், நாணல் சூழ்ந்த வீட்டில் இருந்தான். பேச்சு கீழ்நோக்கித்தான் போகும். மேலே இருப்பவனுக்கு ஆறு ஒரு வார்த்தைகூடக் கொண்டுவந்து கொடுத்ததில்லை. கொடுத்ததெல்லாம் தண்ணீர்தான், அதுவும் சோளம் முழங்கால் உயரம் வந்த நேரம் பார்த்து. ஆற்றை நேராக வெட்டினால் சதுப்பு வடிந்துவிடும் என்று அவன்தான் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னான். மேலே இருந்தவர்கள் கை தூக்கினார்கள், கீழே இருந்தவர்கள் யோசித்தார்கள், ஓட்டு அவன் பக்கம் விழுந்தது.

மண்வாரி மெஷினோடு ஓஹையோக்காரர் ஒருவர் வந்தார், பெயர் கெர்பி. இரும்பு வாளி ஆற்றை அள்ளித் தூக்கும்போது வழியும் தண்ணீர் மெஷினின் இரும்புத் தளத்தில் விழும் அல்லவா, இரும்பும் ஆற்றுக்குக் கல்தான். “காலைத் துடைச்சிட்டு உள்ள வாடா எருமை!” என்று ஒரு பெண்குரல் அதட்டியதும் கெர்பி காலைத் துடைத்துக்கொண்டார். அதற்கப்புறம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேலை பார்த்தார். மேலேயிருந்து கீழாகக் கோடு போட்டதுபோல வெட்டிக்கொண்டே வந்தார்.

பாதிரி வளைவின் கழுத்தை வெட்டிய நாளில் ராக்னா துறையில்தான் இருந்தாள். முதலில் பாலத்துப் பலகைமேல் வண்டிச் சக்கரம் ஏறும் சத்தம் வந்தது. அந்த வண்டியின் பின்சக்கரம் எப்படிக் கிறீச்சிடும் என்று அவளுக்குத் தெரியும். குதிரை மூச்சை ஊதியது. பிறகு டோர்கெரின் இருமல். எதையாவது சொல்லத் தொடங்குமுன் அவர் ஒருமுறை இருமுவார், அது. ராக்னா எழுந்து நின்றாள். அப்போது தண்ணீர் ஒரு சாண் உயர்ந்தது. “வழி விட்டுச்சுப்பா! நேரா விட்டுச்சு!” என்று மெஷின் ஆட்கள் போட்ட கூச்சல் சூடு ஆறாமல் கற்கள்மேல் ஏறி ஓடியது. அதன் பின்னால் அன்றைய பேச்சுத்தான் வந்தது. டோர்கெர் வரவில்லை. வளைவு இரண்டு முனையும் மண் மூடி, பாதி நிலவு வடிவத்தில் ஒரு குட்டையாக நின்றுவிட்டது. சொல்ல வந்தது அதற்குள்ளே இருந்தது.

நேரான ஆறு எல்லோருக்கும் நல்லதையே செய்தது. பால்மரின் சோளம் ஆள் உயரம் வந்தது. ஒரே ஒரு சங்கடம்தான். பாலத்தில் பேசினால் வண்டி வீடு வந்து சேருமுன் பேச்சு வந்து சேர்ந்துவிடும். ஐனார் என்பவர் பழைய நினைவில் பாலத்தில் நின்று தன் மனைவியின் கழுத்தைப் பற்றி என்னவோ சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வீட்டு வாசலில் அவள் கழுத்தெல்லாம் சிவந்துபோய், கரண்டியைப் பிடித்தபடி நிற்கிறாள். இருவருக்கும் அன்று சாப்பாடு இறங்கவில்லை. அதற்கப்புறம் யாரும் பாலத்தில் வண்டியை நிறுத்தவில்லை. ஆண்கள் பாலாடையைக் கொடுத்துவிட்டு நேராக வந்தார்கள். ஆறும் நேராக வந்தது. கற்கள்மேல் வெறும் தண்ணீர் சத்தம்தான். கேனைத் தட்டவேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை.

ராக்னா மறுநாள் காலையிலேயே இரண்டு வாளிகளோடு குட்டைக்குப் போனாள். நிரப்பி, வயலைக் கடந்து தூக்கிவந்து, துறையின் கற்கள்மேல் மெதுவாக ஊற்றினாள். ஒரு ஈஸ்டர் பாட்டின் நடுப்பகுதி வந்தது. அடுத்த வாளியில் லார்சன் தன் மாட்டைத் திட்டினார். அடுத்ததில் யாரோ சிரித்தார்கள். அவளுக்குப் பிறகுதான் விளங்கியது: சிரிப்பும் பாட்டும் இலேசு, மேலே மிதக்கும், தயங்கித் தயங்கிச் சொன்னதுதான் கனம், அது அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். குட்டையை மேலிருந்து காலி செய்துகொண்டே போனால்தான் டோர்கெரிடம் போய்ச் சேர முடியும். மழை பெய்தால் மேலே மறுபடி நிரம்பும். அந்த மழைத்தண்ணீரில் பேச்சே இருக்காது, அதையும் சுமந்துதான் ஆகவேண்டும். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அவள் சுமந்தாள்.

போர்கில் லெஃப்ஸெ ரொட்டியில் வெண்ணெய் தடவிச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து துறையில் உட்காருவாள்.

“அடி பைத்தியக்காரி, உயிரோட இருந்தப்ப அந்த மனுஷன் சேர்ந்தாப்ல நாலு வார்த்தை பேசியிருக்கானா? செத்தப்புறம் என்னத்தைச் சொல்லிடப் போறான்?”

“நான் கேட்டேன். அவர் சொன்னாரு. கேட்டவ நான் கேட்டுக்க வேணாமா?”

“சும்மாதான் சொன்னேன்னு சொல்லியிருந்தா?”

“அப்போ அது தெரியும்ல.”

“தெரிஞ்சு?”

ராக்னா வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போர்கில் மீதி ரொட்டியைத் தானே தின்றாள். சில வருஷத்தில் போர்கிலும் மகன் வீட்டோடு டகோட்டாவுக்குப் போய்விட்டாள். துறைக்கு வர வேறு யாருக்கும் வேலை இருக்கவில்லை. குளிர்காலத்தில் ராக்னா குட்டையின் பனிக்கட்டியைத் தானே அறுத்து அடுப்பில் உருக்கி, சட்டிக்குள் கல் போட்டுக் கேட்டாள். சமையலறையில் மற்றவர்களின் பழைய குரல்கள் நிறைந்தன. மேசையில் ஒரே தட்டுத்தான் இருந்தது.

மூன்றாவது வசந்தத்திலோ நான்காவதிலோ பால்மர் வண்டியோடு வந்து குட்டைக்கரையில் நின்றான். வண்டியில் காலிப் பால் கேன்கள். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. இறங்கி, கேனை அமிழ்த்தி நிரப்பத் தொடங்கினான். அவளும் வா என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை. அதற்கப்புறம் நடவும் அறுவடையும் போக மீதி நாளெல்லாம் அவன் நிரப்பினான், அவள் ஊற்றினாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோவிலுக்குப் போய்த் தனித்தனி பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

“கழுத்து மண்ணை நான் வெட்டித் திறந்து விட்டுடட்டுமா அண்ணி?” என்று ஒருமுறை கேட்டான்.

“திறந்தா ஒரே ஓட்டமா ஓடிடும். எல்லாரும் சேர்ந்து ஒரு கத்துக் கத்திட்டுப் போய்டுவாங்க. ஊத்து.”

பிறகொரு நாள், கேனைச் சாய்க்கும்போது முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு கேட்டான்.

“இத்தனை வருஷமா இதுல உக்காந்து கேட்டிருக்கீங்க. எனக்குன்னு யாராவது ஏதாவது சொல்லி வந்திருக்கா?”

“உனக்கு யாருடா சொல்லப்போறாங்க? நீ பாலத்துக்கு மேலதானே இருக்கே.”

“அதுவும் சரிதான்” என்றான் பால்மர். அடுத்த கேனை எடுத்தான்.

பிறகு மழை பொய்த்த வருஷங்கள் வந்தன. மேற்கிலிருந்து புழுதி எழுந்து பகலை மறைத்தது. வடித்துக் காயவைத்த சதுப்பு இப்போது அளவுக்கு மீறிக் காய்ந்தது. பால்மரின் மண் காற்றோடு எழுந்து அடுத்த மாவட்டத்துக்குப் போனது. நேராக வெட்டிய ஆறு மெலிந்து, துறையின் கற்கள் முதுகைக் காட்டின. குட்டையும் சுருங்கியது. கெளுத்திமீன்கள் சேற்றில் புதைந்துகொண்டன. தண்ணீர் குறையக் குறைய அதன் பேச்சு கனத்தது. பாவமன்னிப்புகள் வந்தன. இறந்த குழந்தையின் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு தகப்பன் வந்தார். அன்று பால்மர் கேனைக் கம்பியால் தட்டிக்கொண்டே நின்றான்; அங்கே கேட்க வேறு யாரும் இல்லாவிட்டாலும் மரியாதை மரியாதைதான்.

ஒரு செப்டம்பர் மாலையில் குட்டையின் அடியில் ஒரு கேன் அளவு தண்ணீர் மிஞ்சியது. பால்மர் மண்டியிட்டுக் குவளையால் வழித்து வழித்துக் கேனில் சேர்த்தான். வண்டி குலுங்காமல் குதிரையை நடத்திக்கொண்டு வந்தான். ராக்னாவுக்கு இப்போது கேனைத் தனியாகத் தூக்க முடியவில்லை. ஆளுக்கொரு பிடியைப் பிடித்துத் துறையில் இறக்கி, தட்டையான பெரிய கல்மேல் சாய்த்தார்கள்.

மறுபடி அந்த இருமல் வந்தது.

“ராக்னா” என்றார் டோர்கெர். நிறுத்தினார். அவர் எப்போதும் அப்படித்தான். தண்ணீர் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. “நான் சும்மா சொல்லலை. சொல்லணும்னு வரும், தொழுவம் ஞாபகம் வந்துடும். உங்கம்மா போனப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிட்டுப் பேசறது?”

ராக்னா கேனின் வாயை இன்னும் கொஞ்சம் சாய்த்தாள்.

“அம்மா இல்லைதான். மலை இருக்கும், கடல் இருக்கும், நீ சொன்ன அந்தச் செர்ரி மரம் இருந்தாலும் இருக்கும். மாட்டை யாரு பாக்கறதுன்னு உடனே கேக்காதே. பால்மர் பாத்துப்பான். முணுமுணுப்பான், ஆனா ஒத்த மாட்டைப் பட்டினி போடமாட்டான். நல்ல பையன் அவன். அவன்கிட்ட இதை யாரும் சொன்னதில்ல.”

பால்மர் ஒரு கையால் கேனைப் பிடித்தபடி மறுகையால் தொப்பியைக் கழற்றினான். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டான். கேனில் மிச்சமிருந்தது ஒரு கை நீர். அதையும் ராக்னா ஊற்றினாள்.

“பனி உருகினதும் கிளம்பலாம். நீ என்ன சொல்றே, ராக்னா?”